எழுந்தருளி விக்கிரகம் செய்விக்கக் கும்பகோணம் செல்கிறோம்: ஐந்து நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

கொட்டியாரத்தான் எழுதியது:

வணக்கம். நான் திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்கு அப்பால், கொட்டியாரப் பற்றில் உள்ள ஒரு சிறிய கிராமத்து முருகன் கோயிலின் பரிபாலன சபைச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் கோயிலில் வீதியுலாவுக்குரிய, வள்ளி தெய்வானையோடு கூடிய பஞ்சலோக எழுந்தருளி விக்கிரகம் ஒன்று இருந்தது. 2006இல் போரினால் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது அதனைத் தூக்கிக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது கருவறையில் கல் மூலவர் இருந்தார். வசந்த மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. அன்று தொட்டு இன்றுவரை அயற்கிராமத்துக் கோயிலிலிருந்து இரவலாகப் பெற்ற ஒரு வேலையே வாகனத்தில் வைத்துத் திருவிழாவை நடத்தி வருகிறோம்.

இப்போது வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் அனுப்பிய பணமும், இங்குள்ளவர்கள் ஒவ்வொரு வெள்ளாண்மை வெட்டிலும் ஒதுக்கிய நெற்காசும் சேர்ந்து, புதிய விக்கிரகம் செய்விக்கப் போதுமான தொகை கையில் இருக்கிறது. வருகிற தை மாதத்தில் சபைத் தலைவர், குருக்கள், நான் ஆகிய மூவரும் கும்பகோணம் செல்வதாகத் தீர்மானித்திருக்கிறோம். அங்கே ஐந்து நாட்கள் தங்கலாம்.

சபைக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஆயத்தமாக இருக்கும் விக்கிரகங்களுள் நல்லது ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கையோடு கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். சுவாமிமலைக்குச் சென்று பட்டறையில் சொல்லிச் செய்விப்பதே முறை என்று மறுசாரார் சொல்கின்றனர். 'கும்பகோணம் வேலை' என்ற சொல்லை நாங்கள் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் ஆதலால், காசைக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கக் கூடாது என்ற பயமும் எங்களுக்கு இல்லாமல் இல்லை. இதற்கிடையில் எழுபது வயதைக் கடந்த எங்கள் தலைவர், இந்தியாவுக்குப் போவது இதுவே முதற்றடவையும் கடைசித் தடவையும் என்று சொல்லி, பார்க்க வேண்டிய கோயில்கள் என்று 38 பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பெரிய குத்துவிளக்குகளும் தீபாராதனைத் தட்டுகளும் வாங்க வேண்டியிருக்கிறது.

போய் வந்த அனுபவம் உள்ளவர்கள், எதனை முதலில் செய்ய வேண்டும், எதனைத் தவிர்க்கலாம் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.


தம்பலகாமம் வயற்காரன் எழுதியது:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்காக இதே வேலையாகப் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விக்கிரகத்தைக் கடையில் வாங்க வேண்டாம். சுவாமிமலையில் சொல்லிச் செய்வியுங்கள்.

எழுந்தருளி என்பது அளவு பார்த்துச் செய்யப்படுவது. மூலவரின் உயரத்துக்கு ஏற்பத்தான் அதன் உயரம் அமைய வேண்டும். ஊருக்கும் மூர்த்திக்கும் உரிய ஆயாதி என்னும் அளவுப் பொருத்தத்தையும் கணித்துப் பார்ப்பார்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் முருகன் எவ்வளவு அழகராக இருந்தாலும், அவர் உங்கள் மூலவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவர் அல்லர். அத்தோடு, வரவேற்பறை அலங்காரத்துக்காகச் செய்யப்படுபவை உள்ளே கூடாக வார்க்கப்பட்டவையாகவும் இருக்கும். பூசைக்குரிய விக்கிரகம் உள்ளும் புறமும் உலோகமான கனவார்ப்பாகவே இருக்க வேண்டும்.

சுவாமிமலை கும்பகோணத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. அறுபடை வீடுகளுள் நான்காவது என்பதால் உங்கள் குருக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலை என்று பெயர் இருந்தாலும் அது கட்டுமலைதான். 60 தமிழ் வருடங்களைக் குறிக்கும் 60 படிகள் ஏறினால் சந்நிதிக்குப் போய்விடலாம், தலைவரும் ஏறுவார். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வழி நெடுகிலும் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரே இடத்தில் பேசி முடித்துவிடாமல், நான்கைந்து பட்டறைகளையாவது பார்த்து, அங்கே பாதி முடிந்த நிலையில் இருக்கும் விக்கிரகங்களின் விரல்களையும் கண்ணையும் கவனியுங்கள். முடிந்து மெருகேற்றியதைப் பார்த்து வேலைத்திறத்தை மட்டிட முடியாது. மினுக்கம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் தென்னோலைக் கீற்று ஒன்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதனைத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்கின்படி மடித்து மடித்து முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று அளவு குறிக்கிறார்கள். அளவுநாடா சுவரில் தொங்குகிறது, ஆனால் கை ஓலையைத்தான் தேடுகிறது. பிறகு தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகினால் உருவம் செய்கிறார்கள். கை, கால், முடி, ஆயுதம் எல்லாம் தனித்தனியே உருட்டப்பட்டு, இளகிவிடாமல் தண்ணீர்ச் சட்டிக்குள் கிடக்கின்றன. எங்கள் பிள்ளையாரின் தும்பிக்கை ஒரு நாள் முழுவதும் தண்ணீருக்குள் தனியே கிடந்ததைப் பார்த்து, என்னோடு வந்த பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மெழுகு உருவம் முடிந்த பின்னர், காவிரியின் வண்டல் மண்ணை மாவாக அரைத்துக் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, நிழலில் உலர்த்தி, அதன் மேல் மணல் கலந்த களிமண்ணைக் கனமாக அப்பி, கம்பியினால் கட்டுகிறார்கள். அந்த வண்டல் மண் ஒரு நகக்கீறலைக்கூட விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றும், அதற்காகவே தங்கள் முன்னோர் இந்தக் கரையில் குடியேறினார்கள் என்றும் அவர்கள் சொல்வார்கள்.

வார்ப்பு நாளில் கட்டாயம் ஒருவராவது அங்கே இருங்கள். வறட்டி அடுக்கி மூட்டிய தீயில் அச்சைச் சுட்டு, உள்ளிருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அச்சைக் குழியில் இறக்கி மண் அணைத்து நிறுத்துவார்கள். செம்பைப் பெரும்பங்காகக் கொண்ட உலோகம் உலையில் கொதித்துக்கொண்டிருக்கும். ஊற்றுவதற்குச் சற்று முன்னர், உபயகாரர்கள் பொன்னோ வெள்ளியோ போடுவதானால் போடலாம் என்று கூப்பிடுவார்கள். எங்களோடு வந்த அம்மா ஒருவர், வீட்டிலிருந்தே முடிந்து கொண்டு வந்த தாலிக்கொடியின் ஒரு சிறு மணியைப் போட்டார். அச்சு ஆறிய பின்னர் மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைவதால் அதே வடிவத்தில் இன்னொன்று வராது. முதலில் வெளிவருவது கறுத்து, முரடாக, பார்ப்பதற்கு ஏமாற்றமாகவே இருக்கும். அராவி, உளியால் செதுக்கி, புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்த பிறகே முகம் தெரியத் தொடங்கும்.

இதற்கெல்லாம் சில மாதங்கள் வேண்டும். ஆகவே தை மாதப் பயணத்தில் விக்கிரகம் உங்கள் கைக்கு வராது என்பதை இப்போதே சபையில் சொல்லிவிடுங்கள். அந்த ஐந்து நாட்களும் பார்ப்பதற்கும், பேசுவதற்கும், அளவு கொடுப்பதற்கும், முற்பணம் கட்டுவதற்கும் உரியவை. வார்ப்புக்கும் எடுத்து வருவதற்கும் இன்னொரு பயணம் போக வேண்டும்.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். மூலவரை அளந்து கொண்டு போன நாங்கள், வாகனத்தை அளந்து கொண்டு போகவில்லை. பீடம் எங்கள் மூஷிக வாகனத்தின் இருக்கையைக் காட்டிலும் இரண்டு விரல் அகலமாக வந்துவிட்டது. முதல் வருடத் திருவிழாவில் பலகை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதை மறைப்பதற்காகவே இரட்டிப்பு மாலை சாத்திப் பிள்ளையாரை வீதியுலா எடுத்தோம். உங்கள் மயில் வாகனத்தின் இருக்கையை நீளம், அகலம் இரண்டும் அளந்து, பீடத்தில் கயிறு போட்டுக் கட்டுவதற்குரிய துளைகள் எங்கே வர வேண்டும் என்பதையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஆவணம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளை நாட்டை விட்டுக் கொண்டு போக முடியாது. உங்களுடையது புதியது என்றாலும், விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்கு அது தெரியாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே புறப்படுங்கள். வெளிநாட்டுக் கோயில்களுக்குச் செய்து பழகிய பட்டறைக்காரர்களுக்கு இந்த நடைமுறை நன்றாகத் தெரியும்; சான்றிதழ் பெற்றுத் தரும் பொறுப்பு யாருடையது என்பதை முற்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதனை எழுதித் தரத் தயங்கும் இடத்தில் காசைக் கொடுக்காதீர்கள். 'கும்பகோணம் வேலை' பற்றிய உங்கள் பயத்துக்கு என்னிடம் உள்ள மருந்து இவ்வளவுதான்.


உப்புவெளி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

வயற்காரத் தம்பி விக்கிரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். நான் தலைவரின் கொப்பியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த 38 பெயர்களுள் 33ஐ அவருடைய மனம் நோகாதபடி வெட்டிவிடுங்கள். கும்பகோணத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில் வாசலில்தான் விழ வேண்டும். பட்டியல் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் ஐந்தாம் நாள் இரவில் எந்தக் கோபுரம் எந்தக் கோயிலினுடையது என்று தெரியாமல் படுத்திருப்பார். நான் முதல் தடவை அப்படித்தான் படுத்திருந்தேன்.

ஊரின் அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் இடையில் ஊர். கோயில்களின் சந்நிதித் தெருக்களும் கடைத்தெருக்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. ஆதி கும்பேசுவரர் கோயிலுக்குப் போகும் வழியே கூரை வேய்ந்த ஒரு கடைவீதிதான். பாத்திரக் கடையும் வளையற் கடையும் பூசைச் சாமான் கடையும் தாண்டித்தான் கோபுர வாசலுக்குப் போக வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் சந்தை வந்ததா, சந்தைக்கு நடுவில் கோயில் நிற்கிறதா என்று அங்கே கேட்பதில் பொருள் இல்லை. விளக்கு, மணி, பட்டு, வெற்றிலை, விக்கிரகம் என்று கோயிலுக்கு வேண்டியவற்றைச் செய்தும் விற்றுமே அந்த ஊரும் சுற்றுப்புறமும் பிழைத்து வந்திருக்கின்றன. நீங்கள் வாடிக்கையாளராகப் போகிறீர்கள்; ஆதலால் வெறும் சுற்றுலாப் பயணியைவிட அந்த ஊரின் உள்ளே சற்று அதிகமாகவே உங்களால் நுழைய முடியும்.

அவ்வூரின் பழைய பெயர் குடமூக்கு. குடந்தை என்றும் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் நம்முடைய திருகோணமலைக் கோணேசர் மீது பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் குடமூக்கையும் பாடியிருக்கிறார். கும்பகோணத்திலும் கோணம் இருக்கிறது, கோணமலையிலும் கோணம் இருக்கிறது. இதை வைத்து நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னதுண்டு, ஆனால் அதைச் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோழ மண்டலத்தோடு நமக்கிருந்த தொடர்புக்கு அதைவிட உறுதியான சான்றுகள் உண்டு. முதலாம் விசயபாகு மன்னன் காலத்துப் பளமோட்டைத் தமிழ்க் கல்வெட்டு, நம்முடைய கந்தளாயைச் சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் குடியிருப்பு, என்று குறிப்பிடுகிறது. அங்கிருந்த தென்கயிலாசம் என்ற சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் தன் கணவரின் நினைவாகக் கொடுத்த கொடையை அது சொல்கிறது. காவிரிக் கரைக் கல்வெட்டுகளிற் காணும் அதே ஊர்ப்பெயர் முறையும் அதே கொடை முறையும் கந்தளாய்க் குளத்தின் அயலிலும் இருந்திருக்கின்றன.

தலைவரை நாகேசுவரர் கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். ஊருக்கு நடுவில் இருக்கும் முற்காலச் சோழர் கோயில் அது. கருவறைப் புறச்சுவரின் மாடங்களில், தெய்வ உருவங்களுக்கு இடையிடையே ஆண்களும் பெண்களுமாகச் சில மனித உருவங்கள் நிற்கின்றன. மேற்குப் பக்கத்து அர்த்தநாரியைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒவ்வொருவரின் முன்னாலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். ஒரு பெண்ணின் உதட்டோரத்தில் இருக்கும் சிரிப்பு, கல்லில் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சித்திரை மாதத்தில் சில நாட்கள் காலைச் சூரியனின் கதிர் கருவறை இலிங்கத்தின் மேல் விழும். நீங்கள் தையில் போவதால் அது கிடைக்காது.

ஆதி கும்பேசுவரரையும் பாருங்கள். பிரளயத்தில் மிதந்து வந்த அமுத கும்பம் அம்பு பட்டு உடைந்த இடத்தில், அமுதத்தையும் மண்ணையும் சேர்த்து இறைவனே பிடித்த இலிங்கம் என்பது தலபுராணம். ஆதலால் மூலவருக்கு நீரால் அபிடேகம் கிடையாது. உங்கள் குருக்கள் அங்குள்ள பூசை முறையைக் கவனித்து வந்து நமக்கும் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்று நான் சொன்னால் வைணவ நண்பர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் நேரம் இல்லாதவருக்கு அதைத்தான் சொல்வேன்.

ஒரு முழுப் பொழுதைத் தாராசுரத்துக்கு ஒதுக்குங்கள். சுவாமிமலைக்குப் போகும் நாளிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் அது. 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலைப் போல அண்ணாந்து பார்க்க வைக்கும் கோயில் அன்று. குனிந்து பார்க்க வேண்டிய கோயில். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் ஒரு சாண் அளவான கற்பலகைகளில் நாயன்மார் வரலாறுகளை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லுங்கள். முன்மண்டபத்தை இழுத்துச் செல்லும் கற்குதிரையையும் தேர்ச் சக்கரத்தையும் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். இந்தச் சிறிய பலகைகளின் முன்னால் உட்காருபவர் குறைவு.

மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டுவித்தவை. மாலையில் ஒரு சுற்று நடந்து வரலாம். மகாமகம் 12 வருடத்துக்கு ஒரு தடவை வருவது. 2016இல் நடந்தது, அடுத்தது 2028 மாசியில். உங்கள் இரண்டாவது பயணம் எப்படியாவது தள்ளிப்போய் அந்த மாசியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சனத்திரளுக்குள் விக்கிரகத்தையும் தூக்கிக்கொண்டு எங்கும் நகர முடியாது.

கனவார்ப்புக்குக் காசு அதிகம் என்று சபையில் எவரேனும் முணுமுணுத்தால், 1950ஐ நினைவுபடுத்துங்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் அழித்தார்கள். அதற்கு முந்நூறு வருடத்துக்கு மேல் கழிந்து, 1950இல் கிணறு வெட்டுவதற்காக மண்ணைத் தோண்டியபோது பழைய உலோகத் திருவுருவங்கள் வெளிவந்தன. அவற்றுள் சோமாஸ்கந்தரும் உண்டு. கற்கோயில் கடலுக்குள் போயிற்று. எவரோ அவசரத்தில் புதைத்துவிட்டுப் போன செம்பு அப்படியே கிடந்தது. கனமான வார்ப்பு மண்ணுக்குள் அவ்வளவு காலம் கிடந்தும் அழியவில்லை.


நிலாவெளி வாணி எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் வயற்கார அண்ணாவுக்கும் வணக்கம். விக்கிரகத்தைக் கடையில் வாங்க வேண்டாம் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டுச் செயலாளர் அண்ணா கடைத்தெருவையே தவிர்த்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பூசைப் பாத்திரங்களைப் பொறுத்தவரை அந்தக் கடைத்தெருவுக்கு நிகரில்லை. தூபக்கால், பஞ்சபாத்திரம், அடுக்குத் தீபம், கைமணி என்று ஒவ்வொன்றிலும் பத்து அளவுகள் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பித்தளையையும் செம்பையும் பெரும்பாலும் நிறுத்தே விற்பார்கள் என்பதால், கையில் தூக்கிப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. தராசைப் பார்த்தால் போதும். மணியை மட்டும் அடித்துப் பார்த்து, ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், ஆனால் நான் தெரிந்தெடுத்த மணியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்.

குத்துவிளக்கு வேறு விடயம். அதற்கு நாச்சியார்கோயிலுக்கே போங்கள். கும்பகோணத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரம், பேருந்து அடிக்கடி உண்டு. நான் முதல் தடவை நேரமில்லை என்று ஒரு கடையில், நாச்சியார்கோயில் விளக்கு என்ற பேச்சை நம்பி, நான்கு அடி விளக்கு ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் பொருத்தி ஐந்து திரியும் போட்டு ஏற்றியபோது, தண்டு ஒரு பக்கம் சாய்ந்து, எண்ணெய் ஒரே மூக்கால் வடிந்தது. மரையில் துணி சுற்றி நிமிர்த்தித்தான் இன்றைக்கும் ஏற்றுகிறோம். அடுத்த தடவை நாச்சியார்கோயிலுக்குப் போனபோதுதான், பாதம், தண்டு, தட்டு, கொண்டை என்று தனித்தனியே வார்த்து, கடைந்து, ஒன்றன் மேல் ஒன்று மரை பூட்டி நிறுத்துவதை நேரில் பார்த்தேன். வாங்கும்போது விளக்கை முழுவதும் பொருத்தச் சொல்லி, சமமான தரையில் நிறுத்தி, தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து மூக்கிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் எடுக்கலாம். பிறகு கழற்றித் தனித்தனியே கடதாசியில் சுற்றிக் கட்டித் தருவார்கள்.

அங்கே போனால் கோயிலுக்குள் கல் கருடனையும் கும்பிட்டு வாருங்கள். புறப்பாட்டின்போது சந்நிதியிலிருந்து நான்கு பேர் தூக்கும் கருடன், வாசலுக்கு வர வர எட்டு, பதினாறு என்று ஆள் கூடினால்தான் நகர்வார் என்பது அங்கத்தைய நம்பிக்கை. வாகனம் தூக்கிப் பழகிய உங்கள் ஊர் இளைஞர்களுக்கு இதைச் சொன்னால் மறுவருடம் அவர்களும் கூடுதல் ஆள் கேட்பார்கள், ஆதலால் யோசித்துச் சொல்லுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணத்துக்குத் தொடருந்து இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் போகும் கப்பலும் இருக்கிறது. நாகபட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகப் பேருந்தில் போகலாம். ஆனால் வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. தை மாதத்தில் வாடை ஓய்ந்துவிட்டதா என்று நம் ஊர்க் கடற்றொழிலாளர்களிடம் கேட்டுவிட்டு, கப்பற்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். எப்படிப் போனாலும் போகும்போது வெறும் பையோடு போங்கள்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒரு டிகிரி கோப்பி குடியுங்கள். பித்தளை டபராவில் வரும். அதன் பிறகு நம்முடைய கோப்பியைப் பற்றி நான் வீட்டில் எதுவும் பேசுவதில்லை.


கொட்டியாரத்தான் எழுதியது:

மூவருக்கும் சபையின் சார்பில் நன்றி. நேற்றுப் பின்னேரம் கோயில் மண்டபத்தில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சுவாமிமலையில் செய்விப்பது என்றும், இரண்டு பயணம் போவது என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. கடையில் வாங்கலாம் என்று சொன்னவர்களும் வாகனக் கதையைக் கேட்டபின் மறுப்புச் சொல்லவில்லை. வாசிப்பு முடிந்த கையோடு மயில் வாகனத்தை வெளியே எடுத்து, குருக்களின் முன்னிலையில் நூல் பிடித்து அளந்தோம். இருக்கையின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட அரை அங்குலம் குறைவு என்பது இத்தனை வருடமும் எவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

தலைவர் தன்னுடைய கொப்பியில் 38ஐ 9 ஆக்கியிருக்கிறார். அதற்குக் கீழே இறங்க மாட்டாராம். ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும்.

இன்னுமொரு கேள்வி இருக்கிறது. 1950இல் வெளிவந்த திருவுருவங்களைப் பற்றி வாசித்தபோது, கூட்டத்தில் இருந்த ஒரு வயோதிபத் தாய் எழுந்து, பழைய விக்கிரகத்தில் எங்கள் ஊரின் பெயர் இருந்திருந்தால், அது இப்போது எங்கே இருந்தாலும் கண்டவர் எவரேனும் கொண்டு வந்து தந்திருக்க மாட்டார்களா என்று கேட்டார். அவருடைய கணவர்தான் அந்தக் காலத்தில் அதற்கு உபயம் செய்தவர். ஆகவே புதிய விக்கிரகத்தின் பீடத்தில் ஊர்ப்பெயரையும் கோயிற்பெயரையும் பொறிப்பது என்று சபை தீர்மானித்திருக்கிறது. அப்படிச் செய்வது வழக்கமா, பீடத்தில் எந்தப் பக்கத்தில் பொறிப்பது முறை, எத்தனை எழுத்துக்கு இடம் வரும் என்று வயற்காரத் தம்பி சொல்ல முடியுமா?


தம்பலகாமம் வயற்காரன் எழுதியது:

செய்வார்கள் அண்ணா. எங்கள் பிள்ளையாரின் பீடத்தில் ஊர்ப்பெயரும் வருடமும் இருக்கின்றன. முன்பக்கத்தில் வேண்டாம், அங்கே தாமரை இதழ் வேலை வரும், பட்டுச் சாத்தினால் எழுத்தும் மறைந்துவிடும். பின்பக்கத்தில், அடியிலிருந்து ஒரு விரல் மேலே, ஒரே வரியாகப் பொறிக்கச் சொல்லுங்கள். எங்கள் பீடம் சிறியது, அதிலேயே 20 எழுத்துக்கு இடம் இருந்தது. உங்களுடையது மூவர் நிற்கும் பீடம் என்பதால் அதைவிட நீளமாக இருக்கும். எழுத்தை நீங்களே ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, அவர்கள் பொறித்ததும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அங்கே உள்ளவர்களுக்கு நம் ஊர்ப்பெயர்கள் பழக்கமில்லை, எங்களுடையதில் ஓர் எழுத்தின் கால் விடுபட்டு, பிறகு சேர்த்தார்கள். அதையெல்லாம் மெழுகாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வார்த்த பிறகு உளியால் வெட்டினால் எழுத்து ஆழமாக விழாது, பத்து வருடம் திருநீறும் புளியும் போட்டுத் தேய்த்தால் மழுங்கிவிடும்.